எட்டு வார வெள்ளோட்டம்

குற்றாலத்தை விட்டு இலஞ்சி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு, மைனி கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. காற்று மட்டும் இருந்தது. அந்த வருடம் சாரலும் இல்லை, சீசனும் இல்லை. ஏப்ரலிலிருந்து வேலை பார்த்த லாட்ஜை விட்டுக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. அதைப் பற்றி ஒருவர் கட்டுரையே எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பெயர் வேண்டாம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். குற்றாலத்தில் ஒரு கல்லை எறிந்தால் நான்கு அண்ணாச்சிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரையும் காட்டிக் கொடுத்ததாக ஆகாது. இருபத்திரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். வயது நாற்பத்தாறு. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சார்ஜாவில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கி, முதுகில் டிஸ்க் விலகி, இடுப்பில் பெல்ட்டோடு ஊர் வந்து சேர்ந்தவர். மனைவியோடு லாட்ஜின் பின்கட்டிலேயே குடியிருந்தார். அண்ணாச்சி மனைவி என்பதால் எனக்கு அவள் மைனி.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது என் வலது கை நடுவிரலில் நகம் கிடையாது. புனலூரில் ஒரு மர மில்லில் அதை விட்டுவிட்டு வந்திருந்தேன். வேலை கேட்டேன். அவர் லாட்ஜில் தங்க வருகிறவர்கள் எழுதும் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

"பேரு?"

சொன்னேன்.

"எங்கிருந்து வருகை? உடன் வந்தவர் எத்தன பேரு? வந்த காரணம்?"

"வேல கேட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. ரூம் கேட்டு வரல."

"யாரா இருந்தாலும் இதுல ஏறித்தான் உள்ள வரணும். எத்தன நாள் தங்குவ?"

"பாப்போம் அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஏதோ எழுதினார்.

அவருடைய ஒரே குணம் தயாராவது. மற்ற குணங்களெல்லாம் அதற்குக் கைகட்டி நிற்கும். புதுக் கடையில் சாப்பிடுவதென்றால் முதல் நாள் என்னை அனுப்பிச் சாப்பிட்டு வரச் சொல்வார். செருப்பு வாங்கினால் நான் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்ப வேண்டும். கேட்டால், "வெள்ளோட்டம் பாக்காம எதுலயும் கால வைக்கப்பிடாதுலே" என்பார். அப்படிப் பார்த்த வெள்ளோட்டங்களுக்குப் பிறகு அவர் கால் வைத்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் குணத்தோடு அவர் ஒரு வேக வகுப்பில் சேர்ந்திருந்தார்.

தபால் வழியில் அவர் படித்த பட்டப்படிப்பில் எல்லாத் தாளும் முடிந்து, 'இலக்கியமும் எழுத்தும்' என்று ஒரு தாள் மட்டும் பாக்கி. மூன்று வருடம் அதற்குத் தயாரானார். மூன்று வருடமும் பரீட்சைக்குப் போகவில்லை. இப்போது பல்கலைக்கழகமே இறங்கி வந்துவிட்டது. ஆறு மாதப் பாடத்தை எட்டே வாரத்தில் ஆன்லைனில் முடித்துவிடலாம். வாராவாரம் ஒரு கதை படித்து ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்கு மேல் கட்டுரை ஏறாது. ஜூன் முதல் வாரம் தொடக்கம்.

இது பொழுதுபோக்குக்குப் படித்த படிப்பு இல்லை. சார்ஜாவில் பழைய கம்பெனியில் ஒரு மேசை வேலை காலியாகியிருந்தது. பட்டம் இருந்தால் மேசை, இல்லாவிட்டால் மறுபடியும் மூட்டைதான் என்று அங்கிருந்த சிநேகிதர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகஸ்டுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். இங்கே லாட்ஜ் முதலாளியோ, ஆகஸ்டு முடிந்ததும் வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விடப்போவதாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் அண்ணாச்சிக்கு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது.

மைனி ஒருநாள் மாடியில் படுக்கை விரிப்பைப் பிழிந்து உதறிக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குய்யா. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல இவுகளுக்கு. மூட்டை தூக்கவா முடியும்? அந்த மேசை ஒண்ணுதான் வழி. அதுக்குக் குறுக்க ஒரு பேப்பர் நிக்கி. இவுக என்னடான்னா அந்தப் பேப்பருக்குக் கண்ணாடி வாங்குதாவ, கர்ச்சீப் வாங்குதாவ. பேப்பர மட்டும் தொட மாட்டேங்காவ."

குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் மே மாதத்தில் சீசனுக்குத் தயாராவார்கள். வெள்ளையடிப்பார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவார்கள். ஈரத்துணி காயப்போடப் புதுக் கயிறு கட்டுவார்கள். குரங்கு வராமல் ஜன்னலுக்கு வலை அடிப்பார்கள். இதைத்தான் பத்து வருடமாக அண்ணாச்சி செய்துவந்தார். படிப்புக்கு எப்படித் தயாராவதென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததால், படிப்பையும் ஒரு சீசனாக வைத்துக்கொண்டார்.

மாடியில் பதினான்காம் நம்பர் அறை வகுப்பறையானது. அதற்கு நான்தான் வெள்ளையடித்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று இளம்பச்சை. அது காய்ந்த பிறகு தூக்கம் வருகிற நிறம் என்று சொல்லி மறுபடி வெள்ளை. மேசைக் கால்களை ஆசாரியை வரச்சொல்லி அரை அங்குலம் குறைத்தார். தென்காசிக்குப் போய் மூக்குக்கண்ணாடி வாங்கினார். குரங்கு தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வதென்று இன்னொன்றும் வாங்கினார். இதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். குற்றாலத்துக் குரங்குக்கு மூக்குக்கண்ணாடி என்றால் உயிர். கரண்டு போனால் இன்வெர்ட்டர், நெட் போனால் இன்னொரு கம்பெனி நெட். கட்டுரையெல்லாம் லேப்டாப்பில்தான் அடிக்க வேண்டும். ஆனாலும் ஒரு டஜன் பேனா. வகுப்பின் விதிமுறைகளை அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, மூன்று நிறத்தில் கோடிட்டு வைத்திருந்தார்.

நாற்காலிக்கும் வெள்ளோட்டம் உண்டு. என்னை உட்கார வைத்துச் சுவரைப் பார்க்கச் சொன்னார்.

"முதுகு வலிக்காலே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒரு மணி நேரம் கழிச்சுக் கேக்கேன். எந்திரிக்காத."

ஒரு மணி நேரத்துக்குச் சுவரைப் பார்க்கச் சம்பளம் வாங்கியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் பார்த்த வேலைகளில் அதுதான் கஷ்டமான வேலை.

மைனி வாசலில் வந்து நின்றாள். "பந்தல் போட்டாச்சு, மேளம் சொல்லியாச்சு. மாப்பிள்ளை எப்ப வாராராம்?"

"நீ சும்மா கெட. சீசன் ஆரம்பிச்சதும் கூட்டம் நெரியும். அதுக்கு நடுவுல படிக்கணும்லா? இப்பவே எல்லாம் செஞ்சு வச்சாத்தான் ஆச்சு."

இந்தக் கூட்டத்தின் மேல் அவருக்கு ஏகப்பட்ட நம்பிக்கை. படிக்க முடியாமல் போவதற்கு அது ஒன்றே போதும் என்று இருந்தார். ஆனால் அந்த ஜூனில் சாரல் விழவில்லை. பேரருவி சுவரில் ஒழுகும் ஓட்டைக் குழாய் போல இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்போன் பார்த்தார்கள். ரம்புட்டான் கடைக்காரர் தானே தின்றுகொண்டிருந்தார். ஊரே மேற்கு மலையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துக் கிடந்தது. அதில் அதிகம் பார்த்தவர் அண்ணாச்சி. இருபத்திரண்டு அறையும் காலி. அவரைத் தொந்தரவு செய்ய உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

முதல் வாரம் எல்லோரும் தங்களை நூறு சொல்லில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, திருநீறு பூசி, பதினான்காம் நம்பரில் போய் உட்கார்ந்தார். மூன்று நாள் ஆனது. கடைசியில் அவர் அனுப்பியது அப்படியே லாட்ஜ் பதிவேடு. பெயர், வயது, ஊர், வருகை நேரம், உடன் வந்தவர் இல்லை, வந்த காரணம் படிப்பு, தங்கும் நாள் ஐம்பத்தாறு. கூடப் படித்தவர்கள் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டார்கள். பேராசிரியை ஒரு பெண்மணி. மரியாதையாகவே எழுதியிருந்தார்: 'சுவையாக இருக்கிறது. அடுத்த முறை வாக்கியங்களாக முயலுங்கள்.'

அண்ணாச்சி லேப்டாப்பை மூடினார். "இன்னும் தயாராகணும் போலிருக்குலே" என்றார்.

அதிலிருந்து எனக்குத்தான் வகுப்பு. நான் எட்டாவதோடு நிறுத்தியவன். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன், பிழையோடு எழுதுவேன், அவ்வளவுதான். வாரக் கதையை முதலில் நான் படிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறதென்று அவர் கடிகாரத்தில் பார்ப்பார். பிறகு நான் ஒரு பக்கம் கட்டுரை எழுத வேண்டும். ஒரு வாரம், மழைக்குக் குடை வாங்கக் கடைக்குப் போன கிழவர் குடை வாங்காமல் நனைந்துகொண்டே திரும்புகிற கதை வந்தது. அவர் ஏன் வாங்கவில்லை என்று எழுத வேண்டும். 'கடைக்காரன் மூஞ்சி சரியில்லாமல் இருந்திருக்கும்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன்.

"அம்பது நிமிஷம்" என்றார் கடிகாரத்தைப் பார்த்து. "நல்ல வேகம். நாளைக்கு நான் எழுதுதேன்."

"இதையே அனுப்பிருங்களேன் அண்ணாச்சி."

"ச்சீ. அடுத்தவன் குளிச்சா என் ஒடம்பு நனையுமாலே?"

அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நாளைக்கு அவர் எழுதவில்லை என்பது வேறு விஷயம். ஞாயிறுதோறும் ஆறு மணிக்குக் கதவு மூடிக்கொண்டது. அவர் செய்ததெல்லாம், மற்றவர்கள் கட்டுரைக்குக் கீழே 'அருமை. சிந்திக்க வைத்தது' என்று போட்டதுதான். அதற்கும் மதிப்பெண் உண்டென்று விதிமுறையின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே, கடைசிக் கட்டுரை ஒன்று போய்ச் சேர்ந்தால்கூடத் தேறிவிடலாம் என்று மைனிக்கு நிரூபித்தார். "அது போகலன்னா?" என்றாள் மைனி. அதற்கு அவர் பக்கம் புரட்டவில்லை.

ஐந்தாவது வாரம் பெட்டி வாங்கினார். சார்ஜாவுக்கு. அதில் செங்கல் அடுக்கி, பழைய பஸ் ஸ்டாண்டு வரை இழுத்துக்கொண்டு போய் வரச் சொன்னார், சக்கரம் தாங்குமா என்று பார்க்க. நான் இழுத்துக்கொண்டு போனபோது வழியில் ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்: "ஊரக் காலி பண்ணுதியா?" "இல்ல, வெள்ளோட்டம்" என்றேன். "ஓ, அவரு ஆளா" என்று போய்விட்டார்.

கடைசி ஞாயிறு வந்தது. தலைப்பு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது: 'உங்களுக்குத் தெரிந்த ஒருவரைச் சொற்களால் வரைக.' அன்று மத்தியானம் ஒரு மணிக்கே அண்ணாச்சி பதினான்காம் நம்பரில் உட்கார்ந்தார். கரண்டு போனால் இன்வெர்ட்டர் இருந்தது, கரண்டு போகவில்லை. நெட் போகவில்லை. முதுகு வலிக்கவில்லை. லாட்ஜுக்கு ஒரு ஆள் வரவில்லை. குரங்குகூட வரவில்லை. எட்டு வாரமாக எதையெல்லாம் எதிர்பார்த்துத் தயாராக இருந்தாரோ, அதில் ஒன்றும் வந்து அவரைக் காப்பாற்றவில்லை. அவர் முகத்தை அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

மூன்றரை மணிக்குக் கூப்பிட்டார். "ஒன் வெள்ளோட்டத்தக் காட்டு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஆள் என்று எண்ணிப் பார்த்ததில், ஒரு இடத்தில் மூன்று மாதம் சேர்ந்தாற்போல நான் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான். அவரைத்தான் எழுதியிருந்தேன். கொடுத்தேன்.

சத்தமாகவே வாசித்தார். "'இவர் அருவிக்குப் போனால் துண்டை மூன்று முறை உதறுவார். பிறகு குளிக்காமல் திரும்பிவிடுவார்.' இது எப்பலே நடந்துது?"

"போன மாசம் ஐந்தருவியில."

"அன்னைக்குத் தண்ணியே இல்லைலே!"

"தண்ணி இல்லன்னு பாக்கதுக்கு முந்தியே திரும்பிட்டீய அண்ணாச்சி."

வாசலில் நின்ற மைனி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னையப் பத்தி எழுத நீ யாருலே? ஒன் லெச்சணம் எனக்குத் தெரியாதா? எந்த ஊர்லயாவது ஒரு தீவாளி இருந்து பாத்திருக்கியா? அந்தப் பையப் பிரிச்சு ஒரு சட்டைய வெளிய மாட்டிருக்கியா?"

"அப்ப அத எழுதுங்க அண்ணாச்சி."

"எழுத மாட்டேன்னு நெனைக்கியோ? போலே வெளிய! ரெண்டு பேரும் போங்க!"

கதவைச் சாத்திக்கொண்டார். நானும் மைனியும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. மைனி வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள். முருகனாக இருக்கலாம், வசவாகவும் இருக்கலாம். ஐந்து மணிக்கு மேல் சத்தம் நிற்கவே இல்லை. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. சட்டையெல்லாம் வேர்வை. இரண்டு மூக்குக்கண்ணாடியும் நெற்றியில் ஏறியிருந்தன.

"அனுப்பிட்டேன்" என்றார்.

"வெள்ளோட்டமா?" என்றாள் மைனி.

"இல்லட்டி. நெசமாவே."

மைனி அப்படியே படியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

என்ன எழுதினார் என்று காட்டவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. அவர் பார்க்கத் தயாராக இல்லை என்றதால், மைனிதான் லேப்டாப்பை வாங்கி வாசித்தாள். மேலே அவர் அனுப்பிய கட்டுரை. மறுபடியும் அதே பதிவேடுதான். ஆனால் இந்தத் தடவை கட்டங்களுக்குள் வாக்கியம் இருந்தது.

'பெயர்: ஒன்று சொன்னான். ஆதாரை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வருகை: என்னிடம் புனலூர் என்றான். என் மனைவியிடம் கம்பம் என்றான். பால்காரரிடம் ஊர் இல்லை என்றான். மூன்றும் நிஜமாக இருக்கலாம்.

உடன் வந்தவர்: இல்லை. விரலில் ஒரு கட்டு மட்டும்.

வந்த காரணம்: பசி.

தங்கும் நாள்: பென்சிலால் எழுதியிருக்கிறது.

மற்றவை: நான் துண்டை உதறிவிட்டுத் திரும்புகிறவன் என்று இவன் எழுதியிருக்கிறான். இருக்கட்டும். நான் கரையில் நின்றாவது பார்க்கிறேன். இவன் அருவியில் தண்ணீர் வருவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுகிறவன்.

காலி செய்த நேரம்: இதை எழுதும்போது காலி செய்யவில்லை. ஆனால் பை கட்டியே இருக்கிறது.'

இன்னும் நிறைய இருந்தது. கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பேன், சாப்பிட்ட தட்டை எவ்வளவு சீக்கிரம் கழுவி வைத்துவிடுவேன் என்பதுவரை. கீழே பேராசிரியை எழுதியிருந்தார்: 'எங்கே போகிறார் என்ற கட்டத்தை மட்டும் எழுதாமல் விட்டது மிக நன்று. சொல் எண்ணிக்கை குறைவு. தேர்ச்சி.'

மைனி அந்தக் கடைசிச் சொல்லை மூன்று முறை வாசித்தாள். பிறகு அழுதாள். பிறகு அடுப்பில் பாலை வைத்தாள்.

"அந்தக் கட்டத்த மறந்துட்டேன்லே" என்றார் அண்ணாச்சி என்னிடம் மெதுவாக. "எட்டு வாரத்துல நான் தயாராகாம செஞ்சது அது ஒண்ணுதான். அதுக்குப் போய் மிக நன்றுன்னு போட்டிருக்காவ."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மைனியின் கண் பின்கட்டு வராந்தாவில் கிடந்த என் கட்டில் பக்கம் போனது. பை கட்டி இருந்தது. காலையில் முடிவு வருமுன்பே, கொடியில் கிடந்த துண்டையும் உள்ளே வைத்துக் கட்டியிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு வேலை முடிகிற வாசம் எனக்கு எப்படியோ முன்னாலேயே வந்துவிடும்.

"பால் காயுது. குடிச்சிட்டாவது போ" என்றாள்.

"இருலே" என்றார் அண்ணாச்சி. "மேசை வேலைக்குப் போகணும்னா திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட்டு. நாம ரெண்டு பேரும் ஒருநா போய், எந்த வாசல்ல நொழையணும்னு பாத்துட்டு வந்திருவோம்."

"வெள்ளோட்டமா அண்ணாச்சி?"

"பின்ன?"

பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் பதிவேட்டைத் திறந்து, என் பெயருக்கு நேரே நேரம் எழுதினார். "எங்க போற? கட்டம் காலியா இருக்கு."

"தெரியல அண்ணாச்சி."

பேனாவை மூடிவிட்டார்.

இலஞ்சிக் கோயிலைத் தாண்டும்போது நெற்றியில் ஏதோ விழுந்தது. தென்னம்பூ என்று நினைத்தேன். மலைப்பக்கம் பார்த்தால் மலையே இல்லை, வெள்ளையாக மூடியிருந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏலே! சாரல் விழுது! அருவியில தண்ணி வந்திருச்சுன்னு ஓடுதாங்க எல்லாரும்! நீ எங்கனலே நிக்க?"

"இலஞ்சியில அண்ணாச்சி."

போனில் அவருக்குப் பின்னால் மைனி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நான் பஸ் ஏறல அண்ணாச்சி" என்றேன். "நடந்துதான் போறேன்."

"சரி, சரி. நனையாமப் போ" என்று வைத்துவிட்டார்.

செங்கோட்டை ஸ்டேஷனில் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். காலையில், கேரளா லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு புரோட்டாக் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். வெங்காயம் உரிக்க, மாவு பிசைய. முதலாளி ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் கேட்டார், ஊர் கேட்டார்.

"எத்தன நாள் இருப்ப? ரெண்டு நாள்ல ஓடிரப்பிடாது."

"எட்டு வாரம்."

"அதென்ன எட்டு வாரம்? யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்களே" என்று சொல்லிக்கொண்டே அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"பேனாவுல எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் பேனாவைத் தேடி மேசை டிராயரைக் குடைந்துகொண்டிருந்தார். அதற்குள் நான் முதல் வெங்காய மூட்டையைப் பிரித்துவிட்டேன்.